வேலையில் மனம் ஒட்டவில்லை: இருப்பதா, இடம் மாறுவதா, விடுவதா?

“சம்பளம் குறித்த நாளில் வந்துவிடுகிறது. மேலாளரும் கெட்டவர் இல்லை. வேலை கைவந்த வேலைதான். ஆனாலும் காலையில் உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. இதை நான் செய்யாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றிவிடுகிறது. விட்டுவிடலாமா?”

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டே வழிகளை மனதில் வைத்திருக்கிறார்கள். ஒன்று, பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது. மற்றது, ராஜினாமா. இடையில் இன்னும் வழிகள் உண்டு. நான் நான்காகப் பிரித்துக்கொள்கிறேன்: இருக்கும் வேலையையே நமக்கேற்ப மாற்றிச் செய்வது, அதே நிறுவனத்தில் வேறு இருக்கைக்குப் போவது, சம்பளம் குறைந்தாலும் மனதுக்கு நெருக்கமான வேலைக்கு மாறுவது, வேலையைப் பிழைப்பாக வைத்துக்கொண்டு வாழ்க்கையின் பொருளை வெளியே தேடிக்கொள்வது. நான்குமே மரியாதையான வழிகள். ஆனால் நான்கும் ஒரே குறைக்கான மருந்து அல்ல என்பதுதான் நான் சொல்ல வருவது. என்ன அறுந்தது என்று தெரியாமல் எந்த வழியைத் தேர்ந்தாலும், அதே வெறுமை புதிய இடத்துக்கும் கூடவே வந்துவிடும்.

## முதலில், எது அறுந்தது?

வேலையின் பொருள் என்றால் உலகத்தை மாற்றும் லட்சியம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆராய்ச்சிகள் காட்டுவது அதைவிடச் சின்ன விஷயங்களை. டேன் ஏரியலி, எமிர் காமெனிகா, ட்ராஜென் பிரெலெக் மூவரும் 2008இல் வெளியிட்ட ஒரு சோதனையில், லெகோ துண்டுகளைக் கொண்டு சிறு பொம்மைகள் கட்டச் சொன்னார்கள். முதல் பொம்மைக்கு 2 டாலர். அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் கூலி 11 சென்ட் குறையும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். ஒரு குழுவினருக்கு, கட்டிய பொம்மைகள் மேசையில் வரிசையாக அடுக்கப்பட்டன. இன்னொரு குழுவினர் கட்டியவை அவர்கள் கண்ணெதிரிலேயே பிரிக்கப்பட்டு, அதே துண்டுகள் மறுபடி அவர்களிடம் தரப்பட்டன. முதல் குழுவினர் சராசரியாக 10.6 பொம்மைகள் கட்டினார்கள், இரண்டாம் குழுவினர் 7.2. கூலி ஒன்று, வேலை ஒன்று. கட்டியது நிற்கிறதா, கலைகிறதா என்பது மட்டுமே வேறு.

அதே ஆய்வின் இன்னொரு பகுதி என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தாளில் எழுத்துகளைத் தேடிக் குறிக்கும் வேலை. முடித்த தாளைச் சிலரிடமிருந்து வாங்கி, பார்த்து, தலையசைத்து வைத்தார்கள். சிலருடையதைப் பார்க்காமலே ஒரு குவியலில் போட்டார்கள். சிலருடையதை நேராகத் துண்டு துண்டாக்கும் எந்திரத்தில் விட்டார்கள். பார்க்காமல் போடப்பட்டவர்களின் ஊக்கம், தாள் கிழிக்கப்பட்டவர்களின் ஊக்கத்துக்கு ஏறக்குறைய இணையாகவே விழுந்திருந்தது. அனுப்பிய அறிக்கைக்கு ஒரு வரி பதில்கூட வராத அலுவலகங்களில் என்ன நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

பொருள் என்பது ஒரே கயிறு இல்லை. பல இழைகள் சேர்ந்தது. ரிச்சர்ட் ஹேக்மனும் கிரெக் ஓல்டமும் 1970களில் வேலையின் தன்மைகளை வகுத்தபோதும், எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் மனிதரின் அடிப்படை உளத் தேவைகளாகத் தன்னுரிமை, திறமை, பிறருடனான பிணைப்பு ஆகிய மூன்றைச் சொன்னபோதும், சுற்றிச் சுற்றி இந்த இழைகளையேதான் தொட்டார்கள். நான் அவற்றைக் கேள்விகளாக வைத்துக்கொள்கிறேன். நான் செய்வது யாருக்குப் போய்ச் சேர்கிறது? எப்படிச் செய்வது என்பதில் என் சொல்லுக்கு இடம் உண்டா? செய்ததை யாராவது பார்க்கிறார்களா? போன வருடத்தைவிட இந்த வருடம் எனக்கு ஏதாவது கூடுதலாகத் தெரிகிறதா? கடைசியாக, இந்த வேலை உலகில் செய்வது எனக்குச் சரியென்று படுகிறதா?

முதல் நான்கில் ஒன்று அறுந்தால் முடிச்சுப் போட வழியுண்டு. ஐந்தாவது அறுந்திருந்தால் கதை வேறு.

இங்கே இன்னொன்றையும் பிரித்தாக வேண்டும். களைத்துப்போன மனமும் ‘எதிலும் அர்த்தமில்லை’ என்றுதான் பேசும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு, வேலைசார்ந்த எரிசோர்வுக்கு (burnout) மூன்று அடையாளங்கள் சொல்கிறது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது அதன்மேல் கசப்பு, திறம்படச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. இரண்டாவது அடையாளம் பொருளின்மையைப் போலவே தோற்றமளிக்கும். ஒரு நல்ல ஓய்வுக்குப் பிறகு அதே வேலையில் ஆர்வம் திரும்பினால், அறுந்தது பொருள் இல்லை, சுமைதான் கூடிவிட்டது. அப்போது கேட்க வேண்டியது வேலைக் குறைப்பும் கூடுதல் ஆளும். தூக்கம் கெட்டு, வீட்டிலும் எதிலும் நாட்டமில்லாமல் வாரக்கணக்காக நீடித்தால், வேலையைப் பற்றி முடிவெடுக்கும் முன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. சோர்வின் அடியாழத்தில் எடுத்த ராஜினாமா முடிவு பெரும்பாலும் தப்பித்தலாகவே இருக்கும். எங்கே போகிறோம் என்பது அதில் இருக்காது.

## எதை வைத்து எடைபோடுவது?

நான்கு வழிகளையும் ஒரே அளவுகோல்களால்தான் பார்க்கப்போகிறேன்.

முதல் அளவுகோல், மேலே சொன்னதுதான்: அறுந்த இழையை இந்த வழி உண்மையிலேயே கட்டுமா?

இரண்டாவது, பிசகினால் திரும்பி வர முடியுமா? ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு விடக்கூடிய முயற்சியும், ஐந்து வருட அனுபவத்தை ஓரம்கட்டிவிட்டு எடுக்கும் முடிவும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை அல்ல.

மூன்றாவது, விலை. சம்பளம் மட்டும் விலை ஆகாது. வீட்டாரின் நிம்மதி, கடன் தவணை, பணிமூப்பு, காப்பீடு, சேர்த்துவைத்த நற்பெயர், மாலை நேரம் எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

நான்காவது, கட்டுப்பாடு யார் கையில்? கேத்தரின் பெய்லியும் அட்ரியன் மேடனும் பல தொழில்களைச் சேர்ந்த 135 பேரிடம் பேசி 2016இல் எழுதியதில் ஒரு முக்கியமான முடிவு உண்டு. பொருள் தந்த தருணங்களைச் சொன்னபோது பெரும்பாலோர் மேலதிகாரியைக் குறிப்பிடவே இல்லை. பொருள் குலைந்த தருணங்களைச் சொன்னபோது மேலதிகாரி முன்னால் வந்து நின்றார். மேலாளரால் பொருளைத் தர முடிவது அரிது, கெடுக்க முடிவது எளிது. ஆகவே எந்த வழி மேலாளரின் தயவில் நிற்கிறது என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, எவ்வளவு நாள் தாங்கும்?

## வழி 1: அதே வேலை, வேறு வடிவம்

ஏமி ரெஸ்னியெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் ஒரு மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசியதை வைத்து 2001இல் இந்த வழியைக் கோட்பாடாக எழுதினார்கள். பணி விவரம் எல்லோருக்கும் ஒன்றுதான். சிலர் அதைத் தரை துடைப்பது என்றே சொன்னார்கள். வேறு சிலர் நோயாளிகளிடம் பேசினார்கள், வந்தவர்களுக்கு வழிகாட்டினார்கள், செவிலியர்களின் வேலை ஓட்டத்தைப் பார்த்துத் தங்கள் நேரத்தை அமைத்துக்கொண்டார்கள். நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று கருதினார்கள். இந்த இரண்டாம் வகையினர் மூன்றை மாற்றியிருந்தார்கள்: செய்யும் பணிகளின் கலவை, பழகும் ஆட்கள், வேலையைப் பற்றிய பார்வை.

அலுவலக வேலைக்கு இதைக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? கணக்குப் பிரிவில் இருப்பவர், மாதக் கடைசியில் அனுப்பும் அட்டவணையை யார் எதற்குப் பயன்படுத்துகிறார் என்று போய்க் கேட்கலாம். யாரும் திறப்பதே இல்லை என்று தெரிந்தால் அதை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். ஒருவர் அதை நம்பித்தான் கொள்முதல் செய்கிறார் என்று தெரிந்தால் அடுத்த முறை அந்த எண்களை வேறு மனதோடு சரிபார்ப்போம். மென்பொருள் சோதனையாளர், வாடிக்கையாளர் புகார்களை வாரம் ஒருமுறை தானே படிக்கத் தொடங்கலாம். புதிதாகச் சேர்ந்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கலாம். சொல்லிக்கொடுக்கும்போது நமக்கே எவ்வளவு தெரியும் என்று விளங்குவது, வளர்ச்சி நின்றுபோன உணர்வுக்கு நல்ல மருந்து.

இந்த வழியின் பெரிய பலம், யாரிடமும் அனுமதி கேட்காமல் நாளைக் காலையே தொடங்கலாம் என்பது. சரிப்படவில்லையென்றால் விட்டுவிடலாம்.

மறைந்த செலவு உண்டு. நாமாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை, ஆறு மாதத்தில் நம் கடமையாகவே ஆகிவிடும். அப்ரைசலில் அதற்கென்று ஒரு வரி இருக்காது. ஆகவே புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போதே பழையது எதையாவது குறைக்கக் கேட்க வேண்டும். இரண்டாவது செலவு இன்னும் ஆழமானது. பார்வையை மாற்றிக்கொள்வது எப்போது நம்மையே ஏமாற்றிக்கொள்வதாக ஆகிறது? சம்பளம் நியாயமாக இல்லை, மரியாதை இல்லை, ஆள் பற்றாக்குறையைச் சரிசெய்யாமல் ‘உங்கள் வேலையின் உன்னதத்தை உணருங்கள்’ என்று பயிற்சி வகுப்பு மட்டும் நடத்துகிறார்கள் என்றால், அங்கே மாற வேண்டியது நம் பார்வை இல்லை. நிறுவனம் செய்ய வேண்டியதை ஊழியரின் மனதின் மேல் ஏற்றுவதை நான் வலுவாக எதிர்க்கிறேன்.

அறுந்தது முதல் நான்கு இழைகளில் ஒன்று, வேலையில் ஓரளவு சுதந்திரம் இருக்கிறது, நிறுவனம் நேர்மையானது என்றால் இதுவே சிறந்த வழி. ஒவ்வொரு நிமிடமும் திரையில் அளக்கப்படும் வேலையில், எழுதிக்கொடுத்த வசனத்தை மட்டுமே பேச வேண்டிய வேலையில், இதற்கு இடமே கிடைக்காது.

## வழி 2: அதே நிறுவனம், பயனாளிக்கு அருகே ஓர் இருக்கை

நால்வகையில் மிகக் குறைவாக யோசிக்கப்படுவது இதுதான். எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

ஆடம் கிராண்டும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒரு பல்கலைக்கழகத்தின் நிதி திரட்டும் அழைப்பு மையத்தில் நடந்தது. முன்னாள் மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து நன்கொடை கேட்கும் வேலை. பெரும்பாலும் மறுப்பையே கேட்க வேண்டியிருக்கும். ஒரு பகுதி ஊழியர்கள், அந்த நிதியால் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரைச் சில நிமிடங்கள் நேரில் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. திரட்டிய தொகை 171 விழுக்காடு கூடியிருந்தது. மாணவர் எழுதிய கடிதத்தை மட்டும் படித்தவர்களிடம் அப்படிப்பட்ட மாற்றம் இல்லை. சம்பளமோ வசனமோ மேலாளரோ மாறவில்லை. யாருக்காக என்பதற்கு ஒரு முகம் கிடைத்தது, அவ்வளவே.

நிறுவனம் பெரிதாகப் பெரிதாக, வேலை செய்பவருக்கும் பயன்பெறுபவருக்கும் நடுவே அடுக்குகள் கூடுகின்றன. காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தரவாக உள்ளிடுபவர், அந்தப் பணம் ஒரு குடும்பத்தை எப்படித் தூக்கி நிறுத்தியது என்பதை ஒருநாளும் பார்ப்பதில்லை. கோரிக்கையாளரோடு நேரில் பேசும் பிரிவில் இருக்கும் சக ஊழியர் தினமும் பார்க்கிறார். நிறுவனம் ஒன்று, நோக்கம் ஒன்று, ஆனால் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே ஊக்கத்தில் மலையளவு வேறுபாடு. வேலையை விட்டு வெளியே போக நினைப்பவர், அதற்கு முன் இதே கட்டடத்தில் பயனாளியின் முகம் தெரியும் இருக்கைகள் எவை என்று ஒரு பட்டியல் போடுவது நல்லது.

பணிமூப்பும் சேமநல நிதியும் போகாது, நிறுவனத்தின் நடைமுறைகளைப் புதிதாகக் கற்க வேண்டாம், நம் பெயர் ஏற்கெனவே நாலு பேருக்குத் தெரியும். ஆனால் இதற்கும் விலை உண்டு. இதுவரை எல்லோரும் வந்து சந்தேகம் கேட்ட ஆள், புதிய பிரிவில் எல்லோரிடமும் போய்ச் சந்தேகம் கேட்க வேண்டியிருக்கும். அடுத்த பதவி உயர்வு தள்ளிப்போகலாம். இடமாற்றம் கேட்டதே தெரிந்துபோய், கிடைக்காமலும் போனால், பழைய மேலாளரோடு இருக்கும் நாட்கள் சங்கடமானவை. எல்லாவற்றையும்விட, பயனாளிக்கு அருகே போவது என்றால் அவர்களின் துயரத்துக்கும் அருகே போவது. மறுக்கப்பட்ட கோரிக்கையைத் தொலைபேசியில் சொல்ல வேண்டியவரும் அந்த இருக்கையில் இருப்பவர்தான். பிறர் துன்பத்தைக் கேட்டால் இரவில் தூக்கம் வராத இயல்புடையவர்கள், முழுமாற்றத்துக்கு முன் தற்காலிகமாகச் சில வாரங்கள் அந்தப் பிரிவில் உதவி செய்து பார்ப்பது நல்லது.

சிறிய நிறுவனத்தில் இந்த வழி பெரும்பாலும் இல்லை. மாற இருக்கையே இருக்காது.

## வழி 3: மனதுக்கு நெருக்கமான வேலைக்கு மாறுவது

சமூகப் பணி, ஆசிரியப் பணி, விலங்கு நலம், சுற்றுச்சூழல், கலை. ‘சம்பளம் குறைவுதான், ஆனால் மனம் நிறையும்’ என்று சொல்லப்படும் வேலைகள். மனம் நிறைவது உண்மைதான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு எந்த விருப்பமும் இல்லை. ஆனால் இந்த வழியைப் பற்றி எழுதுபவர்கள் பாதியைத்தான் எழுதுகிறார்கள்.

மற்றப் பாதியை ஸ்டூவர்ட் பண்டர்சனும் ஜெஃப்ரி தாம்ப்சனும் 2009இல் எழுதினார்கள். உயிரியல் பூங்காக்களில் விலங்குகளைப் பராமரிப்பவர்களைப் பற்றிய ஆய்வு அது. படித்தவர்கள், குறைந்த சம்பளம், உடலை வருத்தும் வேலை, முன்னேற வாய்ப்பு சொற்பம். ஆனாலும் தங்கள் வேலையைப் பிறவிப் பணியாகவே அவர்கள் கருதினார்கள். அந்த உணர்வு அவர்களுக்கு ஆழ்ந்த அடையாளத்தையும் பெருமிதத்தையும் தந்தது. அதே உணர்வு, சம்பளத்தையும் சொந்த நேரத்தையும் சுகத்தையும் விட்டுக்கொடுக்கவும் வைத்தது. நிர்வாகம் தங்கள் பற்றைச் சுரண்டுகிறதோ என்ற சந்தேகத்தையும் கூர்மையாக்கியது. ஒரே உணர்வின் இரு பக்கங்கள் இவை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

2020இல் ஜே கிம்மும் உடன் ஆய்வாளர்களும் காட்டியது இதைவிடக் கவலை தருவது. ஒருவர் தன் வேலையை உயிராக நேசிக்கிறார் என்று தெரிந்தால், அவரிடம் சம்பளமில்லாமல் கூடுதல் வேலை வாங்குவதும், பணிக்குத் தொடர்பில்லாத வேலைகளைத் திணிப்பதும் அவ்வளவு தவறில்லை என்று பிறர் கருதுகிறார்கள். ‘அவருக்குப் பிடித்துத்தானே செய்கிறார்’ என்பது நியாயமாகிவிடுகிறது. அதாவது நம் ஈடுபாடே நமக்கு எதிரான வாதமாகப் பயன்படக்கூடும். மனதுக்கு நெருக்கமான துறைக்குப் போகிறவர், பேரம் பேசும் திறமையை முந்தைய துறையைவிடக் கூடுதலாகவே எடுத்துப்போக வேண்டும். நல்ல நோக்கம் கொண்ட நிறுவனத்திடம் வேலை நேரத்தையும் விடுப்பையும் எழுத்தில் கேட்பது அற்பத்தனம் ஆகாது.

அடுத்தது, தேனிலவுக் காலம். வெண்டி பாஸ்வெல், ஜான் பூட்ரோ, ஜான் டிச்சி மூவரும் நிர்வாகிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2005இல் எழுதியதில், வேலை மாறியதும் திருப்தி சட்டென்று ஏறுவதும் அதன் பின் இறங்குவதும் தெளிவாகத் தெரிந்தது. புதிய வேலையின் முதல் சில மாத மகிழ்ச்சியை வைத்து ‘சரியான முடிவுதான்’ என்று தீர்ப்பெழுத முடியாது. ஆகவே சேருவதற்கு முன் பேச வேண்டியது, போன மாதம் சேர்ந்தவரிடம் இல்லை. அங்கே மூன்று நான்கு வருடம் ஓட்டியவரிடமும், விட்டு வந்தவரிடமும். அவர்களிடம் வேலையின் நோக்கத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்று கேளுங்கள். உயர்ந்த நோக்கமுள்ள நிறுவனத்திலும் நாளின் பெரும்பகுதி நிதி கேட்டு விண்ணப்பம் நிரப்புவதிலும் அறிக்கை எழுதுவதிலும் போகலாம். அந்த நாளும் பிடித்திருந்தால்தான் அந்த வேலை பிடித்திருக்கிறது.

‘உன் ஆர்வத்தைக் கண்டுபிடி’ என்ற அறிவுரையையும் கொஞ்சம் தள்ளியே வைக்க வேண்டும். பால் ஒ’கீஃப், கேரல் ட்வெக், கிரெகரி வால்ட்டன் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆர்வம் என்பது உள்ளே ஏற்கெனவே உருவாகி ஒளிந்திருக்கிறது என்று நம்புகிறவர்கள், புதிதாகப் பிடித்துப்போன ஒன்றில் கடினம் வந்ததும் சீக்கிரம் ஆர்வம் இழந்தார்கள். ஆர்வம் வளர்க்கப்படுவது என்று நம்பியவர்கள் தாக்குப்பிடித்தார்கள். கனவு வேலைக்குப் போயும் முதல் சலிப்பிலேயே ‘இதுவும் இல்லை போல’ என்று அடுத்ததைத் தேடுவது எங்கிருந்து வருகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

பணத்தை எப்படிக் கணக்கிடுவது? புதிய சம்பளத்தில் வாழ்ந்து பார்ப்பதுதான் நேர்மையான சோதனை. இன்னும் பழைய வேலையில் இருக்கும்போதே, ஆறு மாதம் அந்தக் குறைந்த தொகையில் மட்டும் வீட்டை நடத்தி மீதியைத் தனியே ஒதுக்குங்கள். குடும்பம் அதைத் தாங்கினால் கணக்கும் சரி, கையில் கையிருப்பும் சேர்ந்திருக்கும். தாங்கவில்லையென்றால் அதை ராஜினாமாவுக்கு முன்பே தெரிந்துகொண்டோம். சொந்தத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இன்னொரு செய்தி: ஜோசப் ராஃபியும் ஜி ஃபெங்கும் 2014இல் எழுதியபடி, வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் தொடங்கிப் பின்னர் முழுநேரமாக மாறியவர்களின் தொழில், நேராக வேலையை விட்டுக் குதித்தவர்களுடையதைவிட மூடப்படும் அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இவ்வளவு எச்சரித்தபின்னும், இந்த வழிதான் சரி என்று நான் தயங்காமல் சொல்லும் சூழல் ஒன்று உண்டு: ஐந்தாவது இழை அறுந்திருக்கும்போது. வயதானவர்களை ஏமாற்றி விற்கச் சொல்கிறார்கள், பாதுகாப்புக் குறையை மறைக்கச் சொல்கிறார்கள், பொய் எண்களுக்குக் கையெழுத்து கேட்கிறார்கள் என்றால், வேலையை வடிவம் மாற்றுவதும் இருக்கை மாறுவதும் பயன்படாது. அங்கே இருந்துகொண்டு பொருள் தேடுவது மனதைத்தான் மரத்துப்போக வைக்கும்.

## வழி 4: வேலை பிழைப்புக்கு, பொருள் வெளியே

இதைத் தோல்வியாகப் பார்க்கும் பழக்கம் பரவியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. ரெஸ்னியெவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் 196 பேரிடம் கேட்டபோது, வேலையைப் பிழைப்பாகப் பார்ப்பவர்கள், முன்னேறும் ஏணியாகப் பார்ப்பவர்கள், வாழ்வின் அழைப்பாகப் பார்ப்பவர்கள் என்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகப் பிரிந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த 24 நிர்வாக உதவியாளர்கள்கூட, ஒரே வகை வேலை செய்தும், மூன்று பார்வைகளுக்கும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்திருந்தார்கள். வேலை அழைப்பாக இருந்தவர்களின் வாழ்க்கைத் திருப்தி கூடுதல் என்பதும் அந்த ஆய்வில் உண்டு; அதை மறைக்கக் கூடாது. ஆனால் நோயுற்ற பெற்றோரைக் கவனிப்பவருக்கு, குழந்தையை வளர்ப்பவருக்கு, மாலையில் இசை பயில்பவருக்கு, அழைப்பு வேறோர் இடத்திலிருந்து வந்திருக்கிறது. அவர்களுக்கு வேலை என்பது அந்த அழைப்புக்குச் செலவுப் பணமும் நேரமும் தரும் ஏற்பாடு. ‘என் மகளின் படிப்புக்காக’ என்று சொல்லி ஒருவர் சலிப்பான வேலையைப் பிசிறில்லாமல் செய்கிறார் என்றால், அவருக்குப் பொருள் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இந்த வழி நிற்பது எல்லைக்கோட்டில். சபீனே சொனென்டாக் போன்றோரின் ஆய்வுகள், வேலை முடிந்தபின் மனமும் வேலையைவிட்டு விலகுபவர்களே நன்றாகத் தேறுகிறார்கள் என்று தொடர்ந்து காட்டுகின்றன. இரவு பத்து மணிக்கும் அலுவலகக் குழுவின் செய்திக்குப் பதில் போட வேண்டிய வேலை, பிழைப்பு வேலையாக இருக்கத் தகுதியில்லாதது. நேரம் நிச்சயமானதாக, சுமை அளவானதாக, ஆட்கள் மரியாதையானவர்களாக இருக்க வேண்டும்.

மறைந்த செலவு, நாள் கணக்கில் தெரியாது. வருடக் கணக்கில் தெரியும். விழித்திருக்கும் நேரத்தில் பாதியளவு அங்கே போகிறது. ஏனோதானோவென்று எட்டு மணிநேரம் இருந்துவிட்டு ஆறு மணிக்கு உயிர்ப்போடு எழுந்துகொள்வது எல்லோராலும் ஆகிற காரியம் இல்லை. அந்த மந்தம் மாலைக்கும் பரவும். திறமை துருப்பிடித்தால், ஆட்குறைப்பு வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஆகவே இந்த வழியில் போகிறவர்களும் தொழிலில் ஆண்டுக்கு ஒன்றாவது புதிதாகக் கற்றுக்கொண்டு வர வேண்டும்.

வெளியே பொருள் தரும் ஒன்று ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இது பொருந்தும். ‘வெளியே ஏதாவது தேடிக்கொள்ளலாம்’ என்று வெறுங்கையோடு தொடங்குபவர்களுக்கு, திரையில் கரையும் மாலைகளாக அது முடிந்துவிடுவதையே அதிகம் பார்க்கிறேன்.

## பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | 1. வடிவம் மாற்றுவது | 2. இருக்கை மாறுவது | 3. புது வேலை | 4. பிழைப்பாக வைப்பது |
|---|---|---|---|---|
| எந்த இழையைக் கட்டும் | கவனிப்பு, வளர்ச்சி, ஓரளவு தன்னுரிமை | யாருக்கு என்ற கேள்வி | ஐந்தாவது இழை. மற்றவை இடத்தைப் பொறுத்து | எதையும் கட்டாது. தேவையைக் குறைக்கும் |
| திரும்பி வருவது | மிக எளிது | நடுத்தரம் | கடினம் | எளிது, வருடங்கள் போனால் கடினம் |
| மறைந்த செலவு | அங்கீகாரமற்ற கூடுதல் வேலை | பிறர் துயரத்தின் பாரம் | பற்று சுரண்டப்படுவது | மந்தம், துருப்பிடிக்கும் திறமை |
| யார் கையில் | பெரும்பாலும் நம் கையில் | மேலாளரும் நிர்வாகமும் | நம் கையிருப்பும் சந்தையும் | நம் எல்லைக்கோடு |
| எங்கே உதவாது | இறுக்கமாக அளக்கப்படும் வேலை | சிறிய நிறுவனம் | எரிசோர்வில் எடுத்த முடிவு | வேலை தீங்கு செய்யும் இடம் |

## நான் எப்படி வரிசைப்படுத்துவேன்

முதலில் ஒரு குறிப்பேடு. தெரசா அமபிலியும் ஸ்டீவன் கிரேமரும் ஏழு நிறுவனங்களில் 238 பேரின் ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளைப் படித்தபோது, நல்ல நாட்களோடு மிகுதியாகச் சேர்ந்து வந்தது, பொருளுள்ள வேலையில் ஓரடியாவது முன்னேறியதுதான் என்று கண்டார்கள். அந்த முறையை நமக்காகச் செய்துகொள்ளலாம். ஒரு மாதம், நாள் முடிவில் இரண்டு வரி: இன்று எந்த வேலையில் நேரம் போனது தெரியவில்லை, எந்த வேலையில் மனம் சுருங்கியது. மாதக் கடைசியில் படித்தால் அறுந்த இழை தானாகத் தெரியும். ‘இந்த வேலையே பிடிக்கவில்லை’ என்று இருந்தவருக்கு, பிடிக்காதது வாரத்தில் இரண்டு கூட்டங்களும் ஒரு மேலாளரும் மட்டுமே என்று தெரியவருவதுண்டு.

பிறகு முதல் வழி, இரண்டு மூன்று மாதங்களுக்கு. போதவில்லையென்றால் இரண்டாவது. இவை இரண்டையும் நேர்மையாக முயன்றவர் மூன்றாவதற்குப் போனால், எதை விட்டு ஓடுகிறோம் என்பதோடு எதைத் தேடிப் போகிறோம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். வீட்டுச் சூழலும் வெளியே உள்ள ஈடுபாடும் வலுவாக இருப்பவர் நேராக நான்காவதற்கே போகலாம். சில வருடங்கள் கழித்து, சுமை குறைந்தபின், மறுபடி முதல் கேள்விக்கு வரலாம்.

இந்த வரிசை பொருந்தாத நிலை ஒன்று உண்டு. வேலை தீங்கானது என்று தெரிகிறது. ஆனால் கடன் இருக்கிறது, வீடே இந்த ஒரு சம்பளத்தை நம்பியிருக்கிறது. உடனே விடுங்கள் என்று சொல்வது எனக்கு எளிது, தவணை கட்ட வேண்டியவர் வேறொருவர். இவர்களுக்கு நான் சொல்வது, தேதி போட்டுக்கொண்டு இருங்கள் என்பதே. எத்தனை மாதச் செலவு கையில் சேர்ந்தால் கிளம்புவது என்று எழுதி, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். அதுவரை உங்கள் கையெழுத்து எதில் விழாது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தவறான உத்தரவு வாய்மொழியாக வந்தால், ‘நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?’ என்று எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். பல உத்தரவுகள் அந்த ஒரு வரியிலேயே நின்றுபோகும். நிற்காதவற்றுக்கு, பின்னாளில் உங்களைக் காக்க அந்த ஒரு வரி இருக்கும்.